மணி எழுத முடியாத கணக்கு

காரியாபட்டியில் ஒரு கிட்டங்கி, சிவகாசியில் ஒரு கிட்டங்கி, இரண்டுக்கும் ஒரே முதலாளி என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்குகிறது. இரண்டு இடத்திலும் சேர்த்து எத்தனை பெட்டி பட்டாசு இருக்கிறது என்று அண்ணாச்சி கேட்கிறார்.

கேட்பது ஒரே ஒரு எண்தான். ஆனால் வேன்கள் நிற்பதில்லை. ஒன்றரை மணி நேர ரோட்டில் சரக்கு அங்குமிங்கும் போய்க்கொண்டே இருக்கிறது. காரியாபட்டியில் எண்ணி முடித்தபிறகு கிளம்பிய 100 பெட்டி, சிவகாசியில் எண்ணத் தொடங்குமுன் இறங்கிவிட்டால் அந்த 100 இரண்டு தடவை கணக்கில் ஏறும். காரியாபட்டியில் எண்ணுவதற்கு முன்பே கிளம்பி, சிவகாசியில் எண்ணி முடித்தபிறகு போய்ச் சேர்ந்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. முதல் தப்பு நடந்தால் அண்ணாச்சி இல்லாத சரக்குக்கு ஆர்டர் பிடிப்பார். இரண்டாவது நடந்தால் கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்படுவார்.

"ஒரு நாள் ரெண்டையும் பூட்டிட்டு எண்ணிருவோம் அண்ணாச்சி."

"சீசன்ல பூட்டுறதா? வேற வழி சொல்லுங்க."

"அப்ப ரெண்டு இடத்துலயும் சரியா பத்து மணிக்கு எண்ணச் சொல்லுவோம்."

"ரோட்டுல இருக்கிறத யாரு எண்ணுவா?"

அண்ணாச்சியின் இந்தக் கடைசிக் கேள்வியில் கம்ப்யூட்டர் விஞ்ஞானமும் சில ஆண்டுகள் மாட்டிக்கொண்டு நின்றது. பல கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது, "இந்த நொடியில் மொத்த நிலவரம் என்ன?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு கணினிக்கும் தன் நிலவரம் தெரியும். அடுத்ததன் நிலவரம் செய்தி வந்தால்தான் தெரியும். அந்தச் செய்தியோ இன்னும் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தை நம்பவும் வழியில்லை. தனித்தனிக் கணினிகளின் கடிகாரங்களை முற்றிலும் ஒத்துப்போக வைக்க முடியாது என்பதையும், கணினிகளுக்கிடையே இருப்பதெல்லாம் "இந்தச் செய்தி அனுப்பப்பட்டது முன், பெறப்பட்டது பின்" என்ற வரிசை மட்டுமே என்பதையும் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கர் 1978இல் எழுதி வைத்திருந்தார்.

அதே லாம்போர்ட், சில ஆண்டுகள் கழித்து, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்கு ஒரு நண்பரைப் பார்க்கப் போனார். நண்பரின் பெயர் கே. மணி சாண்டி. கோட்டயத்தில் பிறந்தவர், கிண்டியில் அன்று புதிதாக முளைத்திருந்த ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்து 1965இல் பட்டம் பெற்றவர்; எம்.ஐ.டி.யில் 1969இல் முனைவர் பட்டம் முடித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது சாண்டி ஒரு புதிர் போட்டார். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக் கூட்டத்தை நிறுத்தாமலே அதன் மொத்த நிலவரத்தைப் படம் பிடிக்க முடியுமா?

அன்றைக்கு இருவருமே ஒயின் கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருந்ததால் யோசிக்க முடியவில்லை என்று லாம்போர்ட் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். மறுநாள் காலை குளிக்கும்போது அவருக்கு விடை பிடிபட்டது. சொல்லிவிடலாம் என்று சாண்டியின் அறைக்குப் போனால், அவர் அதே விடையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விடை 1985 பிப்ரவரியில் கட்டுரையாக அச்சேறியது. அதற்கு முன்பே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற கணினி விஞ்ஞானி அதைத் தன் பாணியில் விளக்கி ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார். பெரிய ஆளே உட்கார்ந்து விளக்கம் எழுதும் அளவுக்கு அது எளிமையாகவும் இருந்தது, வழுக்கவும் செய்தது.

விடையை அண்ணாச்சியின் ரோட்டிலேயே ஓட்டிப் பார்ப்போம்.

ஒரே நிபந்தனை: ரோட்டில் ஒரு வண்டி இன்னொன்றை முந்தக் கூடாது. முதலில் கிளம்பியது முதலில் சேர வேண்டும். மற்றபடி எதையும் நிறுத்த வேண்டாம்.

காரியாபட்டியில் 500 பெட்டி, சிவகாசியில் 300 பெட்டி, மொத்தம் 800. காலை 10 மணிக்குக் காரியாபட்டி ஆள் தன் கிட்டங்கியை எண்ணி 500 என்று எழுதுகிறார். எழுதிய கையோடு ஒரு சிவப்புச் சீட்டைப் பையனிடம் கொடுத்துச் சிவகாசிக்கு அனுப்புகிறார். அவ்வளவுதான், அவர் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகிறார். 10.30க்கு 100 பெட்டி ஏற்றிய வேனைச் சிவகாசிக்கு அனுப்புகிறார். 11 மணிக்கு, சீட்டு இன்னும் போய்ச் சேராத நிலையில், சிவகாசி தன் பங்குக்கு 40 பெட்டியைக் காரியாபட்டிக்கு அனுப்புகிறது.

11.30க்குச் சிவப்புச் சீட்டு சிவகாசிக்கு வருகிறது. வந்த கணமே அங்கிருப்பவர் தன் கிட்டங்கியை எண்ணுகிறார்: 260. எழுதிவிட்டுத் தானும் ஒரு சிவப்புச் சீட்டைக் காரியாபட்டிக்கு அனுப்புகிறார். 12 மணிக்குக் காரியாபட்டியின் 100 பெட்டி வந்து இறங்குகிறது. அது சீட்டுக்குப் பின்னால் வந்தது, ஆகவே இந்தக் கணக்கில் சேராது. அது ஏற்கெனவே காரியாபட்டியின் 500க்குள் இருக்கிறது.

காரியாபட்டியில், தன் சரக்கை எண்ணிய நேரத்திலிருந்து சிவகாசியின் சீட்டு வரும்வரை வந்து இறங்கும் எதையும் "ரோட்டில் இருந்தது" என்று தனியாக எழுத வேண்டும். 12.30க்கு அந்த 40 பெட்டி வருகிறது. எழுதுகிறார். 1 மணிக்குச் சீட்டு வருகிறது. கணக்கு முடிந்தது.

500, 260, ரோட்டில் 40. கூட்டினால் 800. ஒரு பெட்டி கூடவில்லை, ஒரு பெட்டி குறையவில்லை. கிட்டங்கி ஒரு நிமிடம்கூடப் பூட்டப்படவில்லை.

கணக்குப்பிள்ளை சந்தோஷமாகத் தாளை நீட்டுவார். அண்ணாச்சி கெட்டிக்காரராக இருந்தால் அடுத்து ஒன்று கேட்பார்: "இது எத்தனை மணிக்கு இருந்த நிலவரம்?"

பத்து மணிக்கா? பத்து மணிக்குச் சிவகாசியில் 300 இருந்தது, 260 இல்லை. பத்தரைக்கா? அப்போது காரியாபட்டியில் 400தான். பதினொன்றுக்கா? அப்போது ரோட்டில் 140 பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய நாளின் எந்த நொடியைத் தொட்டாலும் 500, 260, 40 என்ற நிலவரம் கிடையவே கிடையாது. கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் அது சொல்லும் காட்சி நடக்கவே இல்லை.

சாண்டியும் லாம்போர்ட்டும் கண்டுபிடித்ததன் உயிர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காட்சி நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கலாம். சிவகாசி வேன் கொஞ்சம் முன்னதாகவும் காரியாபட்டி வேன் கொஞ்சம் பின்னதாகவும் கிளம்பியிருந்தால் அதே நிலவரம் உண்மையாகவே வந்திருக்கும். இரண்டு வேன்களில் எது முந்திக் கிளம்பியது என்பது இரண்டு கிட்டங்கிகளுக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. கணக்கு தொடங்கியபோது இருந்த நிலையிலிருந்து அந்தக் காட்சிக்கு வந்து சேர வழி உண்டு, அந்தக் காட்சியிலிருந்து கணக்கு முடிந்தபோது இருந்த நிலைக்குப் போகவும் வழி உண்டு என்று அவர்கள் நிரூபித்தார்கள். அது போதும்.

வானம் நிறையப் பறவைகள் வலசை போவதை ஒரே படத்தில் அடக்க முடியாத புகைப்படக்காரர்கள் கூட்டத்தைக் கட்டுரையில் உவமை காட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு துண்டாக எடுக்கிறார்கள். எடுப்பதற்காகப் பறவைகளை நிற்கச் சொல்ல முடியாது. ஒரே நொடியில் எடுக்கவும் முடியாது. ஆனாலும் ஒட்டிப் பார்த்தால் படம் பொருள்பட வேண்டும்.

பொருள்படும் படம் எதற்கு? ஒரு கணினி பழுதாகி விழுந்தால் கூட்டம் எழுந்திருக்க. அந்தத் தேவை கடுமையாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டு.

இதே ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ என்ற ஆராய்ச்சி மாணவர் வேறொரு வேலையில் இருந்தார். பல கணினிகளை வலையில் இணைத்து, ஒவ்வொன்றின் நினைவகத்தையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம் போலக் காட்டும் வித்தை அது. 1986இல் அவர் முடித்த ஆய்வேட்டில் பிறந்த அமைப்புக்கு ஐவி என்று பெயர். அப்போலோ கணினிகளில் ஓடியது.

வித்தை இதுதான். நிரல் எழுதுபவர் ஒரு முகவரியைப் படிக்கச் சொல்கிறார். அந்தப் பக்கம் இந்தக் கணினியில் இல்லை. சாதாரணமாக அது ஒரு தவறு; வன்பொருள் உடனே மணி அடிக்கும். ஐவி அந்த மணியைப் பிடித்துக்கொண்டு, பக்கம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று தேடி, வலை வழியாக வாங்கிவந்து வைத்துவிட்டு, "இப்போது படி" என்று விட்டுவிடும். நிரலுக்கு எதுவும் தெரியாது. பொய்தான், ஆனால் நன்றாக வேலை செய்த பொய். இதற்கு 'பகிர்ந்த பொது நினைவகம்' என்று பெயர் நிலைத்தது.

1994இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டிரெட்மார்க்ஸ் என்ற அமைப்பு வெளிவந்து இந்தப் பொய்யை வேகமாக்கியது. கட்டுரையில் பெயர் போட்ட நால்வரில் ஒருவர் சந்தியா துவாரகாதாஸ். அவரும் ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர், 1986இல் பட்டம் பெற்றவர். ஒரு பக்கத்தில் முதல் தடவை எழுதும்போது அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது, பிறகு நகலையும் பக்கத்தையும் ஒப்பிட்டு மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது, அதையும் அடுத்தவர் கேட்கும்வரை தள்ளிப்போடுவது என்பதுதான் டிரெட்மார்க்ஸின் சிக்கனம். கடையில் இருப்பை முழுதாக எழுதி அனுப்பாமல், "நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாறியது" என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவது போல. அந்தத் துண்டுச் சீட்டுகளை ஞாபகத்தில் வையுங்கள். கதை அவற்றிடம் திரும்பி வரும்.

பொது நினைவகத்துக்கு ஒரு சாபம் உண்டு. நினைவு பொதுவானால் மறதியும் பொதுவாகிவிடும். ஒரு கணினி இறந்தால் அது வைத்திருந்த பக்கங்களும் சேர்ந்து போகும். அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கும் அத்தனை பேரும் நின்றுபோவார்கள். 100 நாளில் 99 நாள் பழுதில்லாமல் ஓடும் கணினி நல்ல கணினிதான். அப்படிப்பட்ட 100 கணினிகளைச் சேர்த்துக் கட்டினால், ஒரு குறிப்பிட்ட நாளில் நூறும் ஒழுங்காக ஓடும் வாய்ப்பு 37 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கூட்டம் பெருகப் பெருக, எவனாவது ஒருவன் விழுந்துகிடப்பதுதான் இயல்பு நிலை.

சரி, ஒவ்வொருவரும் அவ்வப்போது தன் நிலவரத்தை வட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். விழுந்தவர் கடைசியாக எழுதியதை எடுத்து அங்கிருந்து தொடங்கட்டும். இந்தப் பதிவுக்குச் செக்பாயிண்ட் என்று பெயர். இது போதாதா?

போதாது. ஏன் போதாது என்பதற்கு எங்கள் சிவகாசிப் பக்கத்துச் சரவெடியைவிட நல்ல விளக்கம் கிடையாது. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டுவிட்டது. ஆகவே பழைய நினைவிலிருந்தே சொல்கிறேன். சரவெடியில் ஒவ்வொரு வெடியின் திரியும் நடுத்திரியோடு பின்னப்பட்டிருக்கும். ஒரு முனையில் பற்றவைத்தால் போதும், ஒன்று அடுத்ததை எழுப்பி, அது அதற்கடுத்ததை எழுப்பி, கடைசி வெடிவரை ஓடும்.

கணினிகள் தனித்தனியே, ஒருவரை ஒருவர் கேட்காமல், இஷ்டப்பட்ட நேரத்தில் செக்பாயிண்ட் எடுத்தால் பின்வாங்கல் இப்படித்தான் ஓடும். 'அ' விழுந்து, காலை 9 மணிப் பதிவுக்குத் திரும்புகிறது. ஆனால் 9.30க்கு அது 'ஆ'வுக்கு ஒரு பக்கம் கொடுத்திருந்தது. இப்போது 'அ'வைப் பொறுத்தவரை 9.30 நடக்கவே இல்லை. 'ஆ'வின் கையில் மட்டும் தாயில்லாப் பிள்ளை போல அந்தப் பக்கம் நிற்கிறது. ஆகவே 'ஆ'வும் 9.30க்கு முந்தைய தன் பதிவுக்குத் திரும்ப வேண்டும், அது 8.45. ஆனால் 8.50க்கு 'ஆ' ஒரு பக்கத்தை 'அ'வுக்குக் கொடுத்திருந்தது. எனவே 'அ'வின் 9 மணிப் பதிவும் செல்லாது. இன்னும் பின்னால் போ. இப்படியே போய்ப் போய் இருவரும் வேலை தொடங்கிய முதல் நொடிக்கே வந்து நிற்கலாம். பதிவு எழுதிய உழைப்பு அத்தனையும் புகை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பிரையன் ராண்டல் 1975இல் இதைக் கண்டு சொன்னார். வரிசையாக நிறுத்திய டாமினோ கட்டைகள் சரிவதை வைத்து அவர் பெயர் சூட்டினார். எங்களிடம் கேட்டிருந்தால் சரவெடி என்று வைத்திருப்போம்.

சரவெடியை ஒரே மூச்சில் வெடிக்க மனசில்லாத வீடுகள் என்ன செய்தன? உட்கார்ந்து பிரித்தார்கள். நடுத்திரியில் ஓரிடத்தைப் பிய்த்து இடைவெளி விட்டால் நெருப்பு அதற்கு மேல் போகாது. மிச்சம் அடுத்த நாளுக்கு. பின்வாங்கலை நிறுத்தவும் அதே போல ஓர் இடைவெளி வேண்டும்: யாருடைய கையிலும் தாயில்லாப் பக்கம் இல்லாத ஒரு கோடு. சாண்டி-லாம்போர்ட்டின் சிவப்புச் சீட்டு போடுவது அந்தக் கோட்டைத்தான். சீட்டுக்கு முன் அனுப்பியது கோட்டுக்கு இந்தப் பக்கம், பின் அனுப்பியது அந்தப் பக்கம். எல்லாரும் விழுந்தாலும் காரியாபட்டிக்கு 500, சிவகாசிக்கு 260 என்று கொடுத்து, ரோட்டில் 40 பெட்டியை ஏற்றிவிட்டால் உலகம் அங்கிருந்து ஓடத் தொடங்கும். அப்படி ஒரு நேரம் இருந்ததே இல்லை என்று எந்த வேனும் புகார் சொல்லாது.

பொது நினைவகத்துக்குக் கோடு போட முதலில் வந்தவர்களில் குன்-லுங் வூ, கென்ட் ஃபுக்ஸ் என்ற இருவர் உண்டு. 1990இல் வெளியான அவர்களது வழி சிக்கனமில்லாதது, ஆனால் கறாரானது: நான் திருத்திய பக்கத்தை இன்னொருவர் கேட்டால், கொடுப்பதற்கு முன் என் செக்பாயிண்ட்டை எழுதிவிடுவேன். என் கையை விட்டுப் போன எதுவும் வட்டில் பதிந்தபிறகே போயிருக்கும். ஆகவே நான் விழுந்தால் நான் மட்டும் எழுவேன்; மற்றவரைப் பின்னுக்கு இழுக்க மாட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் திரியைப் பிய்த்துவைப்பது போல. சரம் பற்றாது. ஆனால் ஒவ்வொன்றாக வெடிக்க விடிந்துவிடும்.

வேகம் வேண்டுமென்றவர்கள் வேறு வழி தேடினார்கள். அந்த வழியை எங்கள் மாவட்டத்துக் கடைகள் கம்ப்யூட்டர் வருமுன்பே நடந்து தேய்த்திருக்கின்றன.

விருதுநகர்க் கடைவீதியில் பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இரண்டு நோட்டு. சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று. மிளகாய் மூட்டை போனாலும் எண்ணெய் டின் வந்தாலும் நடந்த வரிசையில் முதலில் சிட்டையில் விழும். சாவகாசமாக உட்காரும்போது அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏறும். பேரேட்டை எலி தின்றாலும் கவலையில்லை. சிட்டை இருந்தால் இன்னொரு பேரேடு எழுதிவிடலாம். சிட்டையில் அடித்தல் திருத்தல் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதை அழிக்க மாட்டார்கள். கீழே எதிர்ப்பதிவு போடுவார்கள். தப்பும் நிற்கும், திருத்தமும் நிற்கும்.

கணினியில் இந்தச் சிட்டைக்கு லாக் என்று பெயர். லாக் வட்டில் ஏறாமல் பக்கத்தை வட்டில் எழுதாதே என்ற விதியை ஒரு முழுச் சாத்திரமாக்கியவர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேதிப் பொறியியல் படிக்கச் சேர்ந்து, வளாகத்துக்கு வந்திருந்த ஐ.பி.எம். 370/155 கணினியில் மனசு தொலைத்து, 1977இல் பட்டத்தோடு கிளம்பிப் போனது ஆஸ்டினுக்கு; சாண்டி பாடம் எடுத்துக்கொண்டிருந்த அதே டெக்சாஸ் பல்கலைக்கழகம். 1981இல் முனைவர் பட்டம் முடித்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து 1992 மார்ச்சில் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறைதான் தரவுத்தளங்கள் விழுந்து எழுவதற்கு இன்றைக்கும் பாலபாடம்.

ஏரீஸ் விழுந்து எழும்போது செய்யும் ஒரு காரியம் முதலில் கேட்பவருக்கு விநோதமாக இருக்கும். மின்சாரம் போனபோது பாதியில் நின்ற வேலைகள் சில இருக்கும். அவற்றை எப்படியும் ரத்து செய்யத்தான் போகிறோம். அப்படியிருந்தும் ஏரீஸ் அவற்றையும் சேர்த்து, லாக்கில் உள்ளபடி ஒன்று விடாமல் முதலில் திரும்பச் செய்யும். வரலாற்றை மறுபடி நடத்திக்காட்டுவது என்றே இதற்குப் பெயர். விழுந்த நொடியின் நிலைமை அப்படியே வந்து நின்றபிறகுதான், பாதிவேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். அவிழ்ப்பதையும் எதிர்ப்பதிவாக லாக்கில் எழுதும். அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும், எதுவரை அவிழ்த்தோம் என்பது சிட்டையில் இருக்கும். அவிழ்த்ததையே இன்னொரு தடவை அவிழ்க்காது.

வட்டில் எழுதாமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பக்கம் கைமாறும் அமைப்புகளில் மீள்வது எப்படி என்றும் மோகன், இந்தர்பால் நாரங் என்ற சகாவோடு சேர்ந்து 1991இல் எழுதினார். பொது நினைவகக்காரர்களின் தலைவலியும் தரவுத்தளக்காரர்களின் தலைவலியும் சந்தித்துக்கொண்ட இடம் அது.

1993இல் கோல்டன் ரிச்சர்ட், முகேஷ் சிங்கால் என்ற இருவர் பொது நினைவகத்துக்கு லாக் முறையை எழுதினார்கள். லாக் நல்லதுதான், ஆனால் அதை எழுதிக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும் என்ற முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை. அதற்குப் பதில் 1996இல் லிஸ்பனிலிருந்து வந்தது. மானுவல் கோஸ்டா, மிகல் காஸ்ட்ரோ உள்ளிட்ட ஐவர் டிரெட்மார்க்ஸைத் திறந்து பார்த்தார்கள். முன்பு சொன்ன துண்டுச் சீட்டுகள் அங்கே கிடந்தன. யார் எந்தப் பக்கத்தில் எதை மாற்றினார் என்பதை வேகத்துக்காக ஒவ்வொரு கணினியும் ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. அதுவே சிட்டைதானே?

அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் இன்னும் கொஞ்சக் காலம் வைத்திருந்தால் போதும் என்று காட்டினார்கள். விழுந்தவன் தன் கடைசிச் செக்பாயிண்ட்டிலிருந்து எழுவான். அதற்குப் பிறகு தனக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று மற்றவர்களிடம் கேட்பான். அவர்கள் தங்கள் நினைவில் இருக்கும் சீட்டைப் பார்த்து வரிசையாகச் சொல்வார்கள். அவன் விழுந்த இடத்துக்கே வந்து சேர்வான். வேறு யாரும் பின்வாங்க வேண்டாம். பழுதில்லாமல் ஓடும் நேரத்தில் கூடுதலாக ஒரு செய்திகூட அனுப்ப வேண்டாம். ஒரே நேரத்தில் ஒருவர் விழுவதைத்தான் இது தாங்கும். இருவர் சேர்ந்து விழுந்தால் ஒருவரின் ஞாபகம் இன்னொருவரோடு போய்விடும். ஆனால் பழுது தாங்குவதற்குக் கிட்டத்தட்டக் கூலியே கேட்காத ஏற்பாடு அது.

நம் ஞாபகம் தப்பிப்போனால் ஊர்தான் நினைவூட்ட வேண்டும். கல்யாணத்துக்கு மொய் செய்தவர் மறந்திருப்பார். வாங்கியவர் வீட்டு நோட்டில் இருக்கும்.

பொது நினைவகம் அதன் பிறகு கொஞ்சம் ஓரங்கட்டப்பட்டது. செய்தி அனுப்பி வேலை வாங்கும் முறையே பெரிய கணினிக் கூட்டங்களில் வென்றது. ஆனால் மீள்வதற்கான வித்தைகள் வேறு வீடுகளில் வளர்ந்துவிட்டன. இடைவிடாமல் பாயும் தரவை அலசும் அப்பாச்சி ஃபிளிங்க் என்ற அமைப்பு, தரவோடு தரவாக ஒரு தடுப்புக் குறியை மிதக்கவிட்டு, அது கடக்கும் இடமெல்லாம் நிலவரத்தைப் பதிகிறது. சாண்டி-லாம்போர்ட்டின் சிவப்புச் சீட்டிலிருந்து பிறந்ததுதான் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். பழைய கட்டுரைக்கு 2014இல் டைக்ஸ்ட்ரா பரிசு கிடைத்தது. அச்சேறுமுன்பே அதற்கு விளக்கம் எழுதியவரின் பெயரில் உள்ள பரிசு.

இந்தக் கதையெல்லாம் இங்கே பொறியியல் கல்லூரிப் பாடமாகவும் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் பரவல் கணினிப் பாடத்தின் நான்காம் அலகு மீட்சி, ஐந்தாம் அலகில் பொது நினைவகம். பாடப்புத்தகங்களில் ஒன்றை எழுதிய இருவரில் ஒருவர் மேலே சொன்ன அதே முகேஷ் சிங்கால். மாநிலம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் செக்பாயிண்ட்டையும் பின்வாங்கலையும் 13 மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்திருக்கிறார்கள். சரவெடி பின்னிய ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டாமினோ கட்டையைப் படம் போட்டு விளக்கியிருக்கிறோம். பரவாயில்லை, மார்க் வந்திருக்கும்.

ஆஸ்டினோடு தொடர்புடைய இரண்டு கிண்டிக்காரர்கள் மீள்வதற்கு இரண்டு வழி காட்டினார்கள். மோகனின் வழியில் நடந்தது ஒன்று விடாமல் திரும்ப நடக்கும், தப்புகள் உட்பட. சாண்டியின் வழியில் யாரும் நின்றிராத, ஆனால் எல்லாரும் நின்றிருக்கக்கூடிய ஓரிடத்துக்குத் திரும்புகிறோம். உண்மையாக ஓடும் அமைப்புகளுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு கோடு, பிறகு கோட்டிலிருந்து இங்குவரை ஒரு சிட்டை. கோடு இல்லாத சிட்டையை ஆதி நாளிலிருந்து படிக்க வேண்டும். சிட்டை இல்லாத கோடு பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும்.

கிட்டங்கிக்குத் திரும்புவோம். தாளில் தேதி எழுதியாகிவிட்டது. காரியாபட்டி 500. சிவகாசி 260. ரோட்டில் 40. ஆக 800. கையெழுத்துக்கு மேலே 'நேரம்' என்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறது. கணக்குப்பிள்ளை பேனாவை அங்கே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்.

"என்ன யோசிக்கிறீங்க?"

"மணி என்னன்னு போடணும் அண்ணாச்சி."

"கூட்டு சரியா வந்திருச்சுல்ல?"

"வந்திருச்சு."

"அப்ப விடுங்க. நாளைக்கு என்ன ஆனாலும் இதுல இருந்து ஆரம்பிச்சுக்கிறலாம்."

கட்டம் காலியாகவே ஃபைலுக்குப் போகிறது.